பரோல்

பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டு முகப்பிலும் தெருவிலும் தொங்கும் நட்சத்திர விளக்குக்கு 'பரோல்' என்று பெயர். லாந்தர் என்று பொருள்படும் 'ஃபரோல்' என்ற ஸ்பானியச் சொல்லின் தகலோகு வடிவம் இது. பழைய தகலோகில் 'ஃப' ஒலி கிடையாது. அது 'ப' ஆகிவிட்டது. இன்னும் பின்னே போனால் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் ஃபாரோஸ் தீவு வருகிறது. அங்கே நின்ற கலங்கரை விளக்கத்தின் புகழால், கிரேக்கத்தில் தீவின் பெயரே விளக்கத்துக்கும் பெயராயிற்று.

கப்பலுக்குக் கரை காட்டிய சொல் பெத்லகேம் நட்சத்திரத்திடம் வந்து சேர்ந்தது மிகப் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு வழிகாட்டியது அந்த விண்மீன்தானே! யோவானோ இயேசுவையே ஒளி என்கிறார். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன் நடக்கும் 'சிம்பாங் காபி' திருப்பலிகளுக்கு மக்கள் இருட்டில் பரோல் ஏந்தி நடந்தார்கள். மூங்கில் சட்டம், மெல்லிய தாள், உள்ளே சுடர், அவ்வளவுதான். இன்று மின்விளக்கு. பம்பாங்கா மாகாணத்து சான் ஃபெர்னாண்டோவில் ஆயிரக்கணக்கான பல்புகள் கொண்ட ராட்சத பரோல்களுக்குப் போட்டியே நடக்கிறது. அவ்வூரார் மொழியில் அது 'பருல்'.