பெட்டிக்குள் போன இளவரசன்

1930களின் தொடக்கத்தில் நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜுக்கு சினிமா ஆசை பிடித்தது. வேண்டாம் என்று தடுக்க உறவுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருந்தது. ஜே.சி. டேனியல் ‘விகதகுமாரன்’ எடுத்துச் சொத்தைத் தொலைத்திருந்தார். சுந்தர்ராஜ் அசரவில்லை. அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

சி.வி. ராமன் பிள்ளை 1891ல் எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல்தான் அது. இளவரசனைத் தீர்த்துக்கட்டத் துடிக்கும் எட்டுவீட்டுப் பிள்ளைமார், பலாமரப் பொந்தில் ஒளியும் இளவரசன், பைத்தியக்காரன் வேடத்தில் திரியும் வீரன் என்று பாட்டி கதைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தன. பி.வி. ராவ் இயக்கினார். திருவிதாங்கூரின் நிஜ மகாராஜா சித்திரைத் திருநாள் பங்கேற்ற ஆராட்டு ஊர்வலத்தையும் படத்தில் சேர்த்தார்கள். ‘காளிதாஸ்’ படம் 1931லேயே பேசிவிட்டதால், 1933ல் ஊமைப்படத்தை வெளியிடுவது சூதாட்டம்தான். ஆனால் அடி விழுந்தது பேசும்படத்திடமிருந்து அல்ல.

அடித்தது ஒரு புத்தகக் கடை! நாவலின் உரிமை தங்களுடையது என்று கமலாலயா புக் டிப்போ கோர்ட்டுக்குப் போனது. திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் தொடங்கிய ஓட்டம் நின்றது. படச்சுருள் பறிபோனது, போட்ட பணமும் போனது. சுந்தர்ராஜின் சினிமா வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பெட்டிக்குள் போன இளவரசனை எல்லோரும் மறந்துபோனார்கள்.

வெளியே திரிந்த படங்களின் கதி இன்னும் மோசம். ஊர் ஊராக ஓடித் தேய்ந்தன, தீயில் வெந்தன. மிஞ்சியவற்றை வெள்ளிக்காக அலசி விற்றார்கள். 1918ல் நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’ அழிந்தது. ‘விகதகுமாரன்’ சுருளை டேனியலின் மகனே சிறுவயதில் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். யார் கையும் படாமல் இருந்தது அந்த வழக்குப் பெட்டி மட்டுமே.

1974ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைத் தேடி எடுத்தது. ஆராட்டு ஊர்வலம் உட்படப் படம் உயிரோடு இருந்தது! சுந்தர்ராஜ் வழக்கில் ஜெயித்திருந்தால் இந்தச் சுருளும் டூரிங் கொட்டகைகளில் ஓடியே கிழிந்திருக்கும் என்பது என் கணிப்பு. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் மிகச் சிலவற்றில் ஒன்று, தடை செய்யப்பட்ட இந்த ‘மார்த்தாண்ட வர்மா’.