பெர்க்லியின் உதவியாளர்களும் 504ஆம் பிரிவும்

அமெரிக்க மாற்றுத்திறனாளிகளின் உரிமை வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அச்சட்டங்களுக்கு உயிர் கொடுத்த போராட்டம், அன்றாடப் பராமரிப்பை ஊருக்குள்ளேயே அமைத்துக்கொண்ட வாழ்முறையிலிருந்து வலுப்பெற்றது என்பதற்குக் கலிபோர்னியா மாநிலமே சான்று.

இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், உடலை உள்ளே கிடத்திக் காற்றழுத்தத்தை மாற்றி மாற்றி மூச்சு இயங்கச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' என்னும் உருளைக் கருவியில் உறங்க வேண்டியவராக இருந்தமையால், 1962இல் அம்மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மாணவர் விடுதியில் அன்றி வளாக மருத்துவமனையிலேயே தங்கினார். அவரும் அவரை ஒத்த மாணவர்களும் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1972இல் தற்சார்பு வாழ்வு மையமாக உருப்பெற்றது. குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் உதவியாளர்களைத் தேடித் தருவதும், ஏறி இறங்கத் தடையில்லாத வீடு பார்த்துக் கொடுப்பதும், சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்ப்பதும் அதன் பணிகள். உதவியாளராக யாரை அமர்த்துவது, எந்நேரம் எழுவது என்பவற்றை மருத்துவர் அல்லாமல் உதவி பெறுபவரே முடிவு செய்தார் என்பதுதான் இதில் முதன்மையானது.

இதற்கிடையில், மத்திய அரசின் நிதி பெறும் எத்திட்டத்திலும் உடற்குறை காரணமாக ஒருவரை விலக்கலாகாது என்று 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு கூறியது. ஆனால் அதைச் செயற்படுத்தும் விதிமுறைகளில் கையெழுத்திடாமல் அரசு ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தியது. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில், அவ்விதிமுறைகளை வெளியிட வேண்டிய சுகாதார, கல்வி, நலத்துறையின் அலுவலகங்களுக்குள் போராட்டக்காரர்கள் அமர்ந்தனர். வாஷிங்டனில் உணவு தடுக்கப்பட்டதால் அடுத்த நாளே வெளியேற நேர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவிலோ ஜூடித் ஹியூமன், கிட்டி கோன் முதலியோர் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏப்ரல் இறுதிவரை நிலைத்திருந்தனர்.

படுத்த நிலையில் தாமாகப் புரள இயலாதவர்களைப் படுக்கைப்புண் வராதபடி இரவில் புரட்டிவிட ஆள் வேண்டும். அமர்ந்திருந்தவர்களுள் பலர் தம் உதவியாளர் இன்றியே வந்திருந்தமையால், கண் தெரியாதவர் கை இயங்காதவருக்கு ஊட்டுவதும், காது கேளாதவர் நாற்காலியைத் தள்ளுவதுமாக ஒருவர் தேவையை மற்றவர் ஏற்றனர். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காகக் அறைக் குளிரூட்டியின் மேல் பெட்டியொன்றை ஒட்டிக் குளிர்பெட்டியாக்கினர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, செவித்திறன் அற்றோர் சன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியிலிருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினர். ஓக்லாந்தைச் சேர்ந்த, கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சூடான உணவு கொண்டுவந்தனர்; அக்கட்சியின் உறுப்பினரும் சக்கர நாற்காலியில் இயங்கியவருமான பிராட் லோமாக்ஸ் உள்ளே அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர். இத்துணையைப் போராட்டத்தின் ஓரக்குறிப்பாக ஒதுக்குவது நியாயமாகாது. வாஷிங்டனில் இல்லாதிருந்தது இதுவே.

ஏப்ரல் 28 அன்று அத்துறையின் செயலர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையெழுத்திட்டார். அரசு நிதி பெறும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டன. அந்நிதி பெறாத கடைகள், உணவகங்கள் முதலிய தனியார் இடங்களுக்கும் இதே கடமையை 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் விரிவுபடுத்தியது.