மறைவில் வெட்டிய பெயர்

வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டத்தால் எங்கள் விவேக் நகர் நிரம்பி வழியும். அப்படி ஒரு வியாழக்கிழமை மாலை, பக்கத்துத் தெரு டீச்சர் கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார்.

“அண்ணா, எங்க தாத்தா ஜப்பான்லேர்ந்து கொண்டுவந்தது. ஏதோ எழுதியிருக்கு. நீங்க பேர் வெட்டறவராச்சே, பாத்துச் சொல்லுங்களேன்.”

பாத்திரங்களில் பெயர் வெட்டுவது எங்கள் குடும்பத் தொழில். எனக்கு முன்னால் அப்பா செய்தார். சீர்வரிசைக் குடம், அண்டா, சொம்பு என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் வெட்டியிருக்கிறோம். ஜப்பானிய எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் உளி பட்ட தடம் தெரியும்.

கைக்குட்டைக்குள் உள்ளங்கையில் அடங்கும் இரும்பு வட்டு ஒன்று இருந்தது. நடுவில் வாளின் அடி நுழையும் துளை. சுற்றிலும் இரும்பைக் குடைந்து எடுத்த பைன் மரங்கள், குதிரை வீரர்கள், ஆங்காங்கே தங்கப் பொட்டுகள். இதற்கு த்சுபா என்று பெயர். பிடிக்கும் அலகுக்கும் நடுவே நின்று கையைக் காக்கும் வட்டு.

போர் முடிந்து ஜப்பானில் நேசநாட்டுப் படைகள் இருந்த காலத்தில், 1946இல் இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் அங்கே போனது. அதன் தலைவர் குடகுக்காரரான திம்மையா. டீச்சரின் தாத்தா அந்தப் படையோடு லாரி ஓட்டிப் போனவர். 1947இல் படை திரும்பியபோது இந்த வட்டு அவர் பெட்டியில் வந்திருக்கிறது.

டீச்சர் வந்த அந்த நாளிலிருந்து கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். எழுத்து தெரிந்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். துளையின் இருபுறமும் இரண்டு வரிகள். ஒன்று ஊர்: கோஷு நாட்டு ஹிகோனேயில் வசிப்பவர். மற்றொன்று ஆள்: துறவு பூண்ட சோதென் செய்தது. பிவா ஏரிக்கரை ஊரான ஹிகோனேயில் 18ஆம் நூற்றாண்டில் புகழோடு இருந்தவர் சோதென்.

பொறித்த கையொப்பத்தை ஜப்பானியர் ‘மெய்’ என்கிறார்கள். போலிக் கையொப்பம் ‘கிமெய்’. நம் காதுக்கு ‘மெய்’ என்ற சொல் எப்படிக் கேட்கிறதோ, அதுவே இந்தத் துறையின் கேள்வியும்கூட: இந்த மெய் மெய்தானா?

தொடக்கத்தில் பெயரே கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் கோதோ யூஜோ தொடங்கிய குடும்பம் பதினேழு தலைமுறை வாள் அணிகள் செய்தது. முதல் சில தலைமுறையினர் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. பின்னால் வந்த வாரிசுகள் பழைய வேலையைப் பார்த்து, இது இன்ன முன்னோருடையது என்று தீர்மானித்து, அவர் பெயரோடு தங்கள் பெயரையும் சாட்சியாகச் சேர்த்து வெட்டினார்கள். இரும்பு வட்டுகளில் நொபுஇயே, கனேஇயே ஆகியோர் பெயர் வெட்டத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டை ஒட்டி. நொபுஇயே என்ற ஒரே பெயரை வல்லுநர்கள் இரண்டு கைகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் எழுத்துகள் விலகி நிற்கும், மற்றதில் கோடுகள் தடித்திருக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ‘ழ’ நினைவுக்கு வந்தது. வாலின் கடைசி அடியை இடப்பக்கம் சாய்த்து முடிப்பார். ஈஜிபுராவில் ஒரு கல்யாண வீட்டில் தண்ணீர் மொள்ளப் போன நான், குடத்தின் கழுத்தில் இருந்த அந்த ‘ழ’வைப் பார்த்து நின்றுவிட்டேன். அப்பா பெயர் அதில் எங்கும் இல்லை. அப்பா இருந்தார்.

சோதென் பெயருக்கு மதிப்பு கூடியதும் பல ஊர்ப் பட்டறைகள் அந்தப் பாணியையும் அந்தப் பெயரையும் சேர்த்தே வெட்டின. இன்று கிடைக்கும் சோதென் வட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அவர் கையில் பிறந்தவை அல்ல. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடை செய்தது. வட்டுகள் இடுப்பிலிருந்து கடைக்கு வந்தன. வாங்குபவர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது.

அதனால்தான் பெயரைக் கடைசியில் படி என்கிறார்கள். முதலில் இரும்பு, அடுத்து துளையின் வடிவம், பிறகு குடைந்த வேலை. இவை ஒத்துப்போன பிறகே எழுத்து. டீச்சரின் வட்டில் விளிம்பெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. எழுத்தின் ஓரமோ நகத்தைச் சுரண்டும் கூர்மையோடு இருந்தது. இரண்டு கோடுகளில் உளி நின்று, தயங்கி, மறுபடி அடித்திருந்தது. தன் பெயரை ஆயிரம் முறை வெட்டியவன் அப்படித் தயங்க மாட்டான்.

என்னை அதிகம் தொட்டது அந்தப் பெயர் இருக்கும் இடம். வட்டை வாளில் பூட்டும்போது இருபுறமும் மெல்லிய செம்புத் தகடு வந்து உட்காரும். அதன் பெயர் செப்பா. அது பெயரை மூடிவிடும். நம் குடத்தில் கொடுத்தவர் பெயர் ஊருக்கே தெரியும்படி கழுத்தில் இருக்கும். செய்த கன்னார் பெயர் எங்கும் இருக்காது. அங்கே செய்தவர் பெயர் இருக்கிறது, ஆனால் வாளைக் கழற்றுபவர் கண்ணுக்கு மட்டும்.

“அப்போ இது டூப்ளிகேட்டாண்ணா?” என்றார் டீச்சர்.

லென்ஸைக் கொடுத்து, அரிசியளவுக் குதிரையின் பிடரியைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு மயிரும் தனித்தனி வெட்டு.

“பேர்தாம்மா பொய். வேலை பொய்யில்லை.”

நெடுநேரம் பார்த்தார். பிறகு, “தாத்தா பேரை இதுல வெட்டித் தரீங்களா?” என்று கேட்டார். வாங்கியவர் பெயரை வெட்டுவதுதான் என் தொழில். இந்த இரும்பில் உளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் பெயர் ஏறியிருக்கிறது.

வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சம்புடம் கொண்டுவரச் சொன்னேன். மெஷினை எடுக்காமல், அப்பாவின் சிற்றுளியால் தாத்தாவின் பெயரையும் 1946 என்ற ஆண்டையும் வெட்டினேன். மூடியின் வெளியே அல்ல, உட்புறத்தில்.