மீன்தொட்டியில் ஒரு சிவப்புப் போர்வை: 240 கோடி வருஷத்துக் கதை

இந்த வாரம் ராஜா, போர், கல்வெட்டு எதுவும் கிடையாது. இந்த வார வரலாறு என் வீட்டு ஹாலில், நூறு லிட்டர் உப்புத் தண்ணிக்குள்ள நடந்தது.

போன மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. எழுந்து வந்து பார்த்தா, என்கிட்ட இருந்த ரெண்டு க்ளவுன் மீன்ல பெருசு மணல் மேல சாய்ஞ்சு கிடந்தது. சின்னது தண்ணிக்கு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்தது. முந்தின ராத்திரிதான் தொட்டியில மருந்து போட்டிருந்தேன். மீனுக்கு ஒரு நோயும் இல்லை. மருந்து போட்டது ஒரு படலத்துக்கு.

ரீஃப் டேங்க் வெச்சிருக்கிறவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். மணல் மேல, பாறை மேல, கருஞ்சிவப்பு வெல்வெட் துணி விரிச்ச மாதிரி வழவழன்னு ஒரு படலம். ட்யூப் வெச்சு உறிஞ்சி எடுத்தா மூணே நாளில் திரும்ப வந்துடும். மதியம் பார்த்தா அதுக்குள்ள குட்டிக் குட்டிக் குமிழ்கள் ஒட்டிட்டு நிற்கும். பேரு சயனோபாக்டீரியா. எட்டு மாசமா அதோடதான் என் சண்டை. மீன் செத்த அன்னைக்கு ராத்திரி, ‘யாருப்பா நீ, எங்கிருந்து வந்த?’ன்னு அதோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன்.

அந்தக் குமிழ்

அந்தக் குமிழ்ல இருந்தே தொடங்கலாம். அது ஆக்சிஜன். சூரிய ஒளியை வெச்சுத் தண்ணியைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுற வித்தையை முதல்ல கத்துக்கிட்டவை இந்த சயனோபாக்டீரியாக்கள்தான். சுமார் 240 கோடி வருஷங்களுக்கு முன்னாடி, அந்த ஆக்சிஜன் காற்று மண்டலத்துல சேர ஆரம்பிச்சது. அப்போ இருந்த பல நுண்ணுயிர்களுக்கு அது விஷம். நமக்கோ, மூச்சுவிடுற ஒவ்வொரு பிராணிக்கும் அதுதான் ஆரம்பம்.

கதை அதோட முடியலை. இலைக்குள்ள உணவு தயாரிக்கிற பசுங்கணிகம் இருக்குல்ல, அது ஒரு காலத்துல தனியா வாழ்ந்த சயனோபாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள்ள போய் அங்கேயே குடியேறிடுச்சு. 1967-ல் லின் மார்குலிஸ் இந்தக் கருத்தை விரிவா எழுதினாங்க. பல ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின பிறகுதான் அது அச்சாச்சு. இன்னைக்கு அது பாடப்புத்தகத்துல இருக்கு. பவளத்தோட திசுவுக்குள்ள வாழ்ந்து அதுக்குச் சாப்பாடு போடுற நுண்பாசிக்குள்ளயும் இதே வம்சம்தான் வேலை பார்க்குது. அதாவது, நான் வளர்க்க ஆசைப்பட்டதும் ஒழிக்க நினைச்சதும் தூரத்துச் சொந்தக்காரங்க.

பேர் மாறினா மருந்தும் மாறும்

பள்ளியில இதை ‘நீலப்பசும்பாசி’ன்னுதான் படிச்சிருப்போம். உண்மையில இது பாசியே இல்லை. பாசியோட செல்லுக்குள்ள உட்கரு உண்டு, இதுல கிடையாது. 1962-ல் ரோஜர் ஸ்டேனியரும் சி.பி. வான் நீலும் ‘பாக்டீரியான்னா என்ன’ங்கிற வரையறையைத் தெளிவாக்கினாங்க. அப்படிப் பார்த்தா நீலப்பசும்பாசி பாக்டீரியா பக்கம்தான் வருது. 1970-களில் ஸ்டேனியர் அதை வலியுறுத்த, ‘சயனோபாக்டீரியா’ங்கிற பேர் நிலைச்சது.

வெறும் பேர்தானேன்னு தோணலாம். ஆனா இது பாக்டீரியா என்பதால்தான், தொண்டை வலிக்கு டாக்டர் எழுதித் தர்ற எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்குக்கு இது சாகுது. மீன்தொட்டிக்காரங்க அந்த வழியைப் பிடிச்சுக்கிட்டதும் இதனாலதான். நானும் பிடிச்சேன்.

அந்த ராத்திரி நடந்தது இதுதான். மருந்து போட்டா நுரை பொங்கும்னு ஸ்கிம்மரை அணைச்சேன். தொட்டிக்குக் காற்று கலந்துக்கிட்டு இருந்ததே அந்த ஸ்கிம்மர்தான். தனியா ஏர் பம்ப் வைக்கணும்னு படிச்சிருந்தேன்; ‘ஒரு ராத்திரிதானே’ன்னு விட்டுட்டேன். விளக்கு அணைஞ்சதும் ஒளிச்சேர்க்கை நின்னுபோச்சு. செத்துக்கிட்டிருந்த படலத்தை மத்த பாக்டீரியாக்கள் சிதைக்க ஆரம்பிச்சு, இருந்த ஆக்சிஜனையும் குடிச்சிடுச்சு. மே மாசத்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணி, லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். உலகத்துக்கு ஆக்சிஜன் கொடுத்த உயிரைக் கொல்லப் போய், ஆக்சிஜன் இல்லாம என் மீனைக் கொன்னுட்டேன்.

ஜன்னலோரம் தண்ணி ஊத்தின பெண்

இந்த இடத்துல 1846-க்குப் போகலாம். ஆன்னா தைன்னு ஒரு பெண்மணி, இங்கிலாந்தோட டார்க்கி கடற்கரையில உயிருள்ள கல் பவளங்களைச் சேகரிச்சு லண்டன் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. மின்சாரம் கிடையாது, பம்ப் கிடையாது. என்ன பண்ணாங்க தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த ஜன்னல் முன்னாடி நின்னு கடல் தண்ணியை ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொன்னுக்கு மாத்தி மாத்தி ஊத்தணும். தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம். நாம டீ ஆத்துற மாதிரிதான். அடுத்த வருஷம் கடற்பாசியையும் சேர்த்து வெச்சு, அந்த வேலையில ஒரு பங்கைப் பாசிக்கே கொடுத்தாங்க. 1859-ல் அவங்க குறிப்புகள் ஆய்விதழில் வந்தன. தண்ணி ஊத்தின அந்தப் பெண்ணோட பேர் எனக்குக் கிடைக்கலை. எனக்குத் தெரிஞ்ச முதல் ‘ஏர் பம்ப்’ அவங்கதான்.

1849-ல் அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர், ரெண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி வெச்சு ஒரு சோதனை பண்ணார். செடி ஆக்சிஜன் தரும், மீனோட கழிவு செடிக்கு உரம். கணக்கு சரியாத்தான் இருந்தது. ஆனா இலைகள் அழுகி, தண்ணி கலங்கி, கண்ணாடியெல்லாம் பச்சையா வழவழப்புப் பிடிச்சது. அவர் மருந்து தேடலை. குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். அதுங்க அழுகலைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சது. நவீன மீன்தொட்டியோட தொடக்கம்னு பலர் சொல்ற அந்தச் சோதனையிலேயே படலமும் இருந்திருக்கு, பதிலும் இருந்திருக்கு. இதை அம்மாகிட்ட சொன்னப்போ, “எங்க ஊர்ல கிணத்துல பாசி புடிச்சா மீன் வாங்கி விடுவோம்டா, இதுக்கா லண்டன் போன?”ன்னு கேட்டாங்க.

ஜகார்த்தா, பெர்லின், நம்ம ஊர்

1961-ல் ஜகார்த்தாவுல லீ சின் எங், பவளத் திட்டுல இருந்து உயிருள்ள பாறைகளை எடுத்துத் தொட்டியில வெச்சு, வெறும் காற்றுக் குமிழோட பவளம் வளர்த்ததை எழுதினார். அந்தப் பாறையோட ஓட்டைகள்ல இருக்கிற புழு, நத்தை, பாக்டீரியா கூட்டம்தான் அவரோட ஃபில்டர். பெர்லின் ஆட்கள் அதே பாறையோட பலமான ஸ்கிம்மரையும் பிரகாசமான விளக்கையும் சேர்த்தாங்க. இன்னைக்கும் அதுக்கு ‘பெர்லின் முறை’ன்னுதான் பேர். 1994-ல் சார்லஸ் டெல்பீக்கும் ஜூலியன் ஸ்ப்ரங்கும் எழுதின ‘தி ரீஃப் அக்வேரியம்’ புத்தகம் இதையெல்லாம் உலகம் பூரா கொண்டு போச்சு.

நம்ம ஊர்ல லீ மாதிரி பாறை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவோட 21 தீவுகள் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆயிடுச்சு. கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி மாதிரியே. அதனால என் தொட்டியில கல் பவளம் கிடையாது. மென் பவளமும் காய்ஞ்ச பாறையும்தான். சட்டம் சரிதான். ஆனா காய்ஞ்ச பாறைன்னா காலி வீடு. குடித்தனக்காரங்க வர்றதுக்கு முன்னாடி யார் முந்துறாங்களோ அவங்களுக்குத்தான் இடம். எங்கேயும் பிழைக்கத் தெரிஞ்ச சயனோதான் முந்தும்.

‘ஜீரோ’ங்கிற பொறி

அப்புறம் என் பெரிய தப்பு: சுத்தம். நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ வந்தா படலம் பட்டினியில சாகும்னு நினைச்சேன். டெஸ்ட் கிட்ல நைட்ரேட் ஜீரோ வந்த வாரம்தான் படலம் அதிகமா பரவுச்சு.

காரணம் நெல் வயல்ல இருக்கு. உரமே போடாத வயல்ல நெல்லுக்கு நைட்ரஜன் எப்படிக் கிடைக்குதுன்னு ஆராய்ஞ்ச பி.கே. டே, நீலப்பசும்பாசிதான் காற்றுல இருந்து பிடிச்சுக் கொடுக்குதுன்னு 1939-ல் காட்டினார். நம்ம விவசாயிகள் வயல்ல அசோலா விடுறதும் அதுக்குள்ள வாழ்ற சயனோவுக்காகத்தான். எல்லா இனமும் இதைச் செய்யாது. செய்யத் தெரிஞ்ச இனத்துக்கு நைட்ரேட் ஜீரோன்னா கொண்டாட்டம். போட்டிக்கு வர்ற பாசியெல்லாம் பட்டினி, இது மட்டும் காற்றைச் சாப்பிடுது.

1934-ல் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட், கடல்ல நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறக்குறைய ஒரே விகிதத்துல இருக்கிறதைக் கவனிச்சார். பின்னாடி 16-க்கு 1-ன்னு நிலைச்சது. அது கடலோட சராசரி, தொட்டிக்கு மருந்துச் சீட்டு இல்லை. ஆனா ஒண்ணு ஜீரோ, இன்னொண்ணு ஏராளம்னு விடக் கூடாதுன்னு எனக்குப் புரிய வெச்சது அந்த எண்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

முதல்ல ஏர் பம்ப், கூடவே பவர் கட்டுக்கு ஒரு பேட்டரி. தண்ணி ஓடாத மூலைகளைப் பார்த்து அலைப் பம்ப்பைத் திருப்பி வெச்சேன். ஆர்.ஓ. தண்ணியை மீட்டர்ல அளந்தா, ஃபில்டர் தேய்ஞ்சு போயிருந்தது; மாத்தினேன். உறைஞ்ச தீனியை அலசிட்டுத்தான் போட்டேன். வாரம் ரெண்டு தடவை படலத்தை உறிஞ்சினேன். நத்தை விட்டேன், வாரிங்டன் ஐயா புண்ணியம். சயனோவை அதுங்க பெருசா தின்னாது, ஆனா மத்த அழுகலையும் மிச்சத் தீனியையும் காலி பண்ணும். நைட்ரேட்டை ஜீரோவுல இருந்து கொஞ்சம் ஏற விட்டேன். மருந்து மறுபடி போடலை. ப்ரொடக்‌ஷன்ல பக் இருக்கும்போது சர்வரை ரீஸ்டார்ட் பண்ற வேலைதான் அது. மருந்து படலத்தைக் கொல்லும், படலம் வந்த காரணம் அப்படியே இருக்கும். ஆன்டிபயாடிக் கலந்த தண்ணியை சாக்கடையில ஊத்துறது இன்னொரு தப்பு.

நாலு மாசம் ஆச்சு. இன்னைக்கும் இடது மூலையில ஒரு ரூபா நாணயம் அளவுக்குப் படலம் இருக்கு. மதியம் குமிழ் விடும். அதை விட்டு வெச்சிருக்கேன்.

பிழைச்ச சின்ன மீன் இப்போ வளர்ந்துடுச்சு. க்ளவுன் மீன்ல ஜோடியில பெருசுதான் பொண்ணு. அது போயிட்டா, ஆண் பொண்ணா மாறும். இதுக்கு ஒரு ஜோடி வாங்கலாமேன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. ஒரு மே மாசத்தை இந்தத் தொட்டி ஒழுங்கா தாண்டட்டும், அப்புறம் வாங்குறேன்னு சொல்லியிருக்கேன்.

உங்க தொட்டியிலயும் சிவப்புப் போர்வை இருந்தா, மருந்துப் பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி ஏர் பம்ப் ஓடுதான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.