நிறம் பார்த்து ஊசி போட்ட காலம்

1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி மருந்தில் கசடு அதிகம், பலனில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23-ஆம் தேதி போட்டதும் சர்க்கரை இறங்கியது. அதுவரை டைப் 1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளுவார்கள். வேறு வழியில்லை.

பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் பதினைந்து, இருபது வருடங்களில் பலருக்குப் பார்வை மங்கியது, சிறுநீரகம் கெட்டது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இதைத் தடுக்கலாம் என்று பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் ஓயாமல் சொன்னார். நிரூபிக்க ஆதாரம் இல்லாததால் மருத்துவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பல பத்தாண்டுகள் வாதாடினார்கள்.

சர்க்கரையைப் பார்க்க வீட்டில் இருந்த கருவியோ ஒரு சோதனைக் குழாய்தான். நீல நிற பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என ஏறி செங்கல் நிறத்துக்கு வந்தால் ஏகப்பட்டது. இதில் பெரிய ஓட்டை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய கணக்கு. ஆபத்தான தாழ்நிலை அதில் தெரியவே தெரியாது. அப்படியிருக்க நோயாளி எந்தத் துணிச்சலில் டோஸைக் கூட்டுவார்?

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்களில் ஒருவர் நோயாளியே. சிறுவயதிலிருந்து இன்சுலின் போட்டுவந்த அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், ஒரு கிலோவுக்கு மேல் கனத்த ரத்தச் சர்க்கரை மீட்டரை 1969-இல் டாக்டரான மனைவியின் பெயரில் வாங்கினார். நோயாளிகளுக்கு அப்போது அதை விற்கமாட்டார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை விரலைக் குத்திப் பார்த்து, ஊசிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். அவர் எழுதியதை மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார்.

வாதத்துக்கு முடிவு 1993-இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் 1,441 பேர் பங்கேற்ற ஆய்வு அது. ஒரு சாராருக்கு வழக்கம்போல் ஒன்றிரண்டு ஊசி. மறு சாராருக்கு மூன்றுக்குக் குறையாத ஊசி அல்லது பம்ப். விரல் குத்தல் நாளுக்கு நான்கு முறையாவது. தீவிர சிகிச்சையில் கண் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது: இன்னொருவர் கைகொடுத்தால்தான் மீள முடிகிற கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கானது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்தும் பெரும்பாலோர் விலகவில்லை. இன்று ஊசி போடும் ஒவ்வொருவரும் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

முடிவு தெளிவானதால் ஆய்வை ஓராண்டு முன்பே நிறுத்தி, மற்றவர்களுக்கும் தீவிர முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு இரு சாராரின் சராசரி சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதலில் தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்கள் 42 சதவீதம் குறைவு என்று 2005-இல் தெரியவந்தது.