உலக உருண்டையும் ரெண்டு விரலும்

போனைக் கையில எடுங்க. கூகுள் எர்த்தைத் திறந்து, ரெண்டு விரலை வெச்சு விரிங்க. உருண்டை பெரிசாகுதா? விரலைத் திருகினா பூமியும் கூடவே திரும்பும். இதை யாரும் உங்களுக்குக் கிளாஸ் எடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாங்க. அதனாலேயே, இது எப்பவும் இப்படித்தான் இருந்ததுன்னு ஒரு நினைப்பு வந்துடும். ஆனா, பூமி கம்ப்யூட்டருக்குள் வந்தது ஒரு கதை. கண்ணாடித் திரைக்கு விரல்களை அடையாளம் தெரிய ஆரம்பித்தது வேறொரு கதை. இரண்டும் பல வருஷம் தனித்தனியாக ஓடி, 2006-ல் ஒரு மேசை மேல் சந்தித்துக்கொண்டன.

முதல் கதை பெர்லினில் தொடங்குகிறது. சுவர் இடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஆர்ட் பிளஸ் காம் என்று ஒரு குழு, கலைஞர்களும் கம்ப்யூட்டர் ஆட்களும் சேர்ந்தது. அவர்கள் 'டெராவிஷன்' என்ற ஒன்றைச் செய்தார்கள். விண்வெளியிலிருந்து முழு பூமியையும் பார்க்கலாம், அப்படியே ஒரு ஊர் வரைக்கும் இறங்கலாம். 1994-ல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில் அதைக் காட்டினார்கள். ஓடியது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஓனிக்ஸ் மெஷினில். அன்றைக்கு அதை வீட்டில் வாங்கி வைப்பதெல்லாம் நடக்கிற காரியமே இல்லை.

அதன் சூட்சுமம் ரொம்ப சிம்பிள். மொத்த பூமியின் படத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. நீங்க பார்க்கிற இடத்தை மட்டும், பார்க்கிற உயரத்துக்குத் தேவையான தெளிவில் மட்டும், துண்டு துண்டாகக் கொண்டுவந்தால் போதும். நெட் ஸ்லோவா இருக்கும்போது கூகுள் எர்த் முதலில் மங்கலாக வந்து அப்புறம் தெளிவாகுதே, அது இந்த வேலைதான்.

எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேற. டெராவிஷனில் பூமியைத் திருப்ப, திரைக்கு முன்னால் நிஜமாகவே ஒரு பெரிய உருண்டையை வைத்திருந்தார்கள். அதைக் கையால் உருட்டினால் திரையில் பூமி உருளும். உலகத்தைக் கையால்தான் திருப்பணும்னு அவங்களுக்கு அப்பவே தோணியிருக்கு.

ஆனால் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அந்த உருண்டை இல்லை. 2001-ல் கலிஃபோர்னியாவில் கீஹோல் என்ற நிறுவனம் தொடங்கியது. சிஐஏ பின்னணியில் இயங்கிய இன்-க்யூ-டெல் அதில் பணம் போட்டது. 2003 இராக் போரின்போது அமெரிக்க டிவி செய்திகளில் கீஹோலின் பூமி வந்தது. 2004-ல் கூகுள் அதை வாங்கியது. 2005 ஜூனில் கூகுள் எர்த், இலவசமாக! எல்லாரும் முதலில் தேடியது சொந்த வீட்டு மொட்டைமாடியைத்தான். அதே வருஷம் அக்டோபரில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், ஹைதராபாத் போலீஸ் அகாடமியில் பேசும்போது இதன் பாதுகாப்புச் சிக்கலை எடுத்துச் சொன்னார். ராக்கெட் செய்தவர் சொன்னது, சும்மா தள்ளிவிட முடியாது.

சரி, அந்த கூகுள் எர்த்தை எதால் திருப்பினோம்? மவுஸால். பிரச்சினையே அங்கதான். மவுஸ் என்பது ஒரே ஒரு புள்ளி. இடவலம் ஒரு எண், மேல்கீழ் ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் ஒரு வரைபடத்தை நகர்த்த இரண்டு எண் வேண்டும், பெரிதாக்க ஒன்று, சுழற்ற ஒன்று. மொத்தம் நாலு. அதனால் மவுஸில் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டு விரல் வைத்துப் பாருங்க: விரலுக்கு ரெண்டு, மொத்தம் நாலு எண். நகர்த்தல், பெரிதாக்கல், சுழற்றல் மூணும் ஒரே அசைவில் நடந்துடும்.

விரல்களின் கதை இன்னும் பழசு. 1982-லேயே டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா பல விரல்களை உணரும் கருவி செய்துவிட்டார். ஆனால் அதற்கப்புறமும் ரொம்ப காலத்துக்கு இதெல்லாம் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. பெரிய திரையில் செய்யச் செலவு எகிறும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப் ஹான் அதற்கு ஒரு மலிவான வழி கண்டார். நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் (எவர்சில்வர் வேண்டாம்!) தண்ணீர் ஊற்றி, மேலிருந்து சாய்வாக உள்ளே பாருங்க. பக்கச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெளியிலிருந்து விரலை அழுத்தினால் ரேகை மட்டும் பளிச்சென்று தெரியும். வெளியே தப்ப முடியாமல் உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்த ஒளியை, விரல் தொட்ட இடம் கெடுத்துவிடுகிறது. ஹான் ஒரு அக்ரிலிக் பலகையின் ஓரங்களில் அகச்சிவப்பு எல்.இ.டி.க்களைப் பொருத்தி, பின்னால் ஒரு கேமரா வைத்தார். தொட்ட இடமெல்லாம் கேமராவில் வெளிச்சப் புள்ளி. பத்து விரல் வைத்தால் பத்துப் புள்ளி.

2006 பிப்ரவரியில் டெட் மாநாட்டு மேடையில் அந்த மேசையோடு வந்தார். போட்டோக்களை இழுத்தார், விரித்தார். பிறகு நாசாவின் வேர்ல்ட் விண்ட் உருண்டையைத் திறந்து, இரண்டு கையாலும் பூமிக்குள் இறங்கினார். அந்த வீடியோவை இன்றைக்குப் பார்த்தா, 'இதுல என்ன இருக்கு?'ன்னுதான் தோணும். இங்கே கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை, இயல்பாக வந்துவிடும் என்பது அவர் வாதம். நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். நகர்த்த, விரிக்க, திருக நாலு எண்ணும் தீர்ந்துவிட்டதால், பூமியைச் சாய்த்து மலையைப் பார்க்க வேறொரு சைகை வேண்டியிருக்கிறது. அது இயல்பாக வருவதில்லை. எத்தனை பேருக்கு அது தெரியும்னு உங்க வீட்டிலேயே கேட்டுப் பாருங்க.

2008 அமெரிக்கத் தேர்தலின்போது சி.என்.என்.-இல் ஜான் கிங் விரலால் மாநிலங்களை இழுத்துக் காட்டிய சுவர், ஹானின் நிறுவனம் செய்தது. உங்க போனுக்கு வந்த பாதை மட்டும் வேற. கைவலியால் அவதிப்பட்ட வெய்ன் வெஸ்டர்மன் என்ற ஆராய்ச்சியாளர், அழுத்தாமல் தொட்டாலே போதும் என்கிற கீபோர்டு செய்ய ஜான் எலியாஸுடன் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸை ஆப்பிள் 2005-ல் வாங்கியது. 2007-ல் ஐபோன். 2008 அக்டோபரில் அதில் கூகுள் எர்த்.

பெர்லின்காரங்க என்ன ஆனாங்க? 2014-ல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2016-ல் டெலவேர் நடுவர் குழு கூகுள் பக்கம் நின்றது. அவர்கள் காப்புரிமையே செல்லாது என்றது. காரணம் கேட்டா தலை சுத்தும்: அமெரிக்காவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் அதே 'டெராவிஷன்' என்ற பெயரிலேயே இதே மாதிரி ஒன்றை முன்னாடியே செய்திருந்தது! 2017-ல் மேல்முறையீடும் போச்சு. 2021-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'தி பில்லியன் டாலர் கோட்' பெர்லின் பக்கம் நின்று கதை சொல்கிறது. தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்க.

அந்த வழக்கில் சண்டை முழுக்கப் படத்துண்டுகளைக் கொண்டுவரும் முறையைப் பற்றித்தான். கியோட்டோவில் கையால் உருட்டிய அந்த உருண்டைக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.