சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்: கேரளத்தில் குடியேறிய மலையகத் தமிழர்களும் பிரிந்த குடும்பங்களும்

திருவனந்தபுரம்: கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் புனலூரை அடுத்த ரப்பர் தோட்டங்களிலும், பத்தனம்திட்டா மாவட்டத்தின் கவி ஏலக்காய்த் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த அக்குடியேற்றம் குறித்த பின்னணி வருமாறு:

ஒப்பந்தம் கூறியது என்ன?

ஆங்கிலேயர் ஆட்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள், இலங்கையின் 1948-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். அவர்களின் நிலையைத் தீர்மானிக்க 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது.

குடும்பங்கள் பிரிந்தது எவ்வாறு?

ஒப்பந்தம் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. இலங்கைக் குடியுரிமை கோரியோர், அந்நாடு ஏற்க ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைவிட மிக அதிகமாக இருந்தனர். வயதுவந்த பிள்ளைகளும் மணமான சகோதரர்களும் தனித்தனியே விண்ணப்பித்ததால், ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் சிலருக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்தன. பெற்றோர் கப்பலேற, பிள்ளைகள் தோட்டத்திலேயே தங்கிய நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டது.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கியோர் மண்டபம் முகாம் வழியாகப் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இனக்கலவரத்தைத் தொடர்ந்து 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றதும் தாயகம் திரும்பும் பணியும் முடங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் புறப்பட இயலாதோர் பல்லாயிரவர். அவர்கள் இலங்கைக் குடியுரிமை பெற அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இதனால் நாடற்ற நிலை நீங்கினாலும், உறவினர்கள் இரு நாட்டுக் குடிமக்களாகவே நிலைபெற்றனர்.

கேரளத்தின் பங்கு

தாயகம் திரும்பியோரில் பெரும்பாலோர் தமிழகத்தில் குடியேறினர். நீலகிரியில் இவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. பலருக்குச் சிறுதொழில் கடன் வழங்கப்பட்டது. கேரள அரசும் மத்திய அரசும் 60:40 என்ற பங்கு விகிதத்தில் 1976-இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தைத் தொடங்கின. குளத்துப்புழா, அயிரநல்லூர் ஆகிய இரு தோட்டங்களில் குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் அளிக்கப்பட்டன. கவியில் கேரள வனவளர்ச்சிக் கழகம் வேலை வழங்கியது.

எனினும் தோட்டக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. பணி ஓய்வுக்குப் பின் சொந்த நிலமோ வீடோ இல்லாதவர்களுக்கும், தோட்ட வேலையை நாடாத இளந்தலைமுறைக்கும் அடுத்த வாழிடம் எது என்பதே இன்றைய கேள்வியாக உள்ளது.

வியட்நாம் முன்னுதாரணம்

இதே காலத்தில் வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோர் கடலில் மடிந்த நிலையில், ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் 1979 மே மாதம் முறையான வெளியேற்றத் திட்டத்துக்கு உடன்பட்டன. வெளிநாட்டில் உள்ள உறவினருடன் சேர்வதை அது ஏற்கத்தக்க காரணமாகக் கொண்டது. புறப்படும் முன்பே நுழைவு அனுமதி வழங்கப்பட்டதால் படகுப் பயணம் தேவைப்படவில்லை. அத்திட்டத்தின் வழியே ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் பல நாடுகளில் குடியேறினர். குடும்ப ஒன்றிணைப்பு அங்குத் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1964 ஒப்பந்தத்திலோ நாடுகளுக்கிடையேயான பங்கீடே முதன்மை பெற்றது.

அகதிகளுடன் வேறுபாடு

ஒப்பந்தப்படி வந்தோர் இந்தியக் குடிமக்கள். 1983-க்குப் பின் போரினால் வந்தோர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டினர். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இலங்கையிலிருந்து வந்தோர் 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் வரம்பில் இல்லை.

தமிழக முகாம்களில் உள்ளோரிலும் மலையக வம்சாவளியினர் உண்டு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகள் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்களுள் ஒருவர் புனலூரில் வாக்களிக்கும் குடிமகனாகவும், மற்றொருவர் முகாமில் வெளிநாட்டவராகவும் இருக்க நேர்வதற்கு அவர்கள் கடல் கடந்த ஆண்டும், கையிலிருந்த ஆவணமுமே காரணம்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. உறவினரைக் காண அது வழி தரலாம். ஆனால் சேர்ந்து வாழ்வதற்கு இரு நாடுகளின் குடியுரிமைச் சட்டங்களே வழிவிட வேண்டும்.